கண் அறுவைக்கு மரப்பு மருந்து: ஊசியா, சொட்டா, மழுங்கிய குழாயா?

கேள்வி: பிப்ரவரி 4

அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. முதலில் பார்த்த மருத்துவர் கண்ணுக்கு அருகில் ஊசி போட்டு மரக்கச் செய்வோம் என்றார். இரண்டாமவர் ஊசியே கிடையாது, சொட்டு மருந்து மட்டும்தான் என்கிறார். நான் படித்தவரையில் ஊசி பழைய காலத்து முறை. சொட்டு மருந்து வந்த பிறகும் ஊசியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் புதியதைக் கற்காதவர்கள். சரிதானே? அம்மாவுக்குச் சிறுவயதிலிருந்தே தடித்த கண்ணாடி. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். காது கொஞ்சம் மந்தம்.

பிப்ரவரி 4, இரவு

பாதி சரி. ஊசி என்றால் எந்த ஊசி, எவ்வளவு நீளம், எந்த இடத்தில் என்று கேட்டீர்களா? மருந்து போக நான்கு வழிகள் இருக்கின்றன. விழிக்குப் பின்னால், தசைகள் கூம்புபோல் கூடும் இடத்துக்குள் ஊசியை விடுவது ரெட்ரோபல்பர். அந்தக் கூம்புக்கு வெளியே நிறுத்திக்கொள்வது பெரிபல்பர். விழிக்கோளத்தைச் சுற்றியுள்ள டெனான் உறைக்கு அடியில் கேனுலா என்ற நுனி மழுங்கிய சிறு குழாயால் மருந்தைச் செலுத்துவது மூன்றாவது. நான்காவது சொட்டு.

கேள்வியின் வாலில் போகிற போக்கில் மூன்று தகவல்களைச் சேர்த்திருக்கிறீர்கள். பதில் அந்த வாலில்தான் இருக்கிறது. லென்ஸ் அளவெடுத்தபோது ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அதில் கண்ணின் நீளம் மில்லிமீட்டரில் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இப்போதைக்குச் சொட்டு மருந்தின் பக்கம் சாய்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிப்ரவரி 5

அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கிற மயக்கவியல் மருத்துவன் நான். கத்தி என் கையில் இல்லை. ஊசி என் கையில். ஆகவே ஊசிக்காகப் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்க்கலாம். பேசப்போவதில்லை.

ரெட்ரோபல்பர் ஊசியின் கதை கொஞ்சம் சங்கடமானது. 1936-இல் அட்கின்சன் எழுதிய முறைப்படி, ஊசி போடும்போது நோயாளி மேல்நோக்கியும் மூக்கின் பக்கமாகவும் பார்க்க வேண்டும். கீழ் இமையின் வெளிப்பக்க மூலையில் ஊசி நுழையும். பல தலைமுறை மருத்துவர்கள் இதைத்தான் கற்றார்கள். 1981-இல் அன்சோல்டும் அவருடைய சகாக்களும் சி.டி. ஸ்கேனில் இந்தப் பார்வை நிலையை வைத்துப் பார்த்தார்கள். கண் மேலும் உள்ளுமாகத் திரும்பும்போது அதன் பின்பக்கம் கீழும் வெளியுமாகத் திரும்புகிறது. அதனால் பார்வை நரம்பு இழுபட்டு, விறைத்து, நேராக ஊசி வரும் பாதைக்கே வந்து நிற்கிறது. தளர்ந்திருக்கும் நரம்பு ஊசி தொட்டால் விலகிக்கொடுக்கும். இழுபட்ட நரம்பு எங்கே விலகும்? நாற்பத்தைந்து ஆண்டுகள் நோயாளியிடம் "மேலே பாருங்கள்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நாம் இலக்கை ஊசிக்கு நேராகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம்.

இப்போது கண் நேராகப் பார்க்க வேண்டும் என்பதே விதி. ஊசியின் நீளமும் குறைந்தது. முன்பு 38 மில்லிமீட்டர் ஊசி சாதாரணமாகப் புழங்கியது. கண்குழியின் ஆழம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிறிய கண்குழியில் அந்த நீளம் நரம்பு நுழையும் துளை வரைக்கும் எட்டிவிடும். மண்டையோடுகளை அளந்து பார்த்துவிட்டு 31 மில்லிமீட்டரைத் தாண்டாதீர்கள் என்று 1989-இல் எச்சரித்தார்கள். இன்று பலரும் 25-க்கு மேல் தொடுவதில்லை.

பயிற்சிக் காலத்தில் என் ஆசிரியர் ஒருவர், ஊசி கூம்புக்குள் நுழையும்போது விரலுக்கு ஒரு சிறு வழுக்கல் தெரியும், அதுதான் அடையாளம் என்பார். அந்த வழுக்கலை நானும் உணர்ந்திருக்கிறேன். ஊசி எதைத் தாண்டி வழுக்கியது என்பதை விரல் சொல்லாது.

பிப்ரவரி 5, பிற்பகல்

"நரம்பில் பட்டால் வலிக்குமே, நோயாளி கத்திவிடுவாரே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அப்படி நடப்பதில்லை. விழிக்கோளத்தை ஊசி துளைத்துவிட்ட சில சம்பவங்களில் நோயாளி வலி என்றே சொன்னதில்லை. மறுநாள் கட்டை அவிழ்த்த பிறகுதான் பார்வை போனது தெரியும். முனகல் ஒரு பாதுகாப்புக் கருவி ஆகாது.

பிப்ரவரி 6

கண்ணை மரக்கச் செய்த முதல் சொட்டு மருந்து கோகைன் என்றதும் ஆளாளுக்கு எழுதும் நகைச்சுவைகள் போதும். ஆனால் கதை உண்மை. 1884-இல் வியன்னாவில் இளம் மருத்துவராக இருந்த கார்ல் கோலர் கோகைன் கரைசலைத் தவளைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு முயல், நாய், கடைசியில் தன் கண்ணும் சகாவின் கண்ணும். குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஹைடெல்பெர்க்கில் நடந்த கண் மருத்துவர் கூட்டத்துக்குப் போக அவரிடம் பணம் இல்லை. கட்டுரையை பிரெட்டவர் என்பவர் வாசித்தார். அதே மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்த இன்னொரு நண்பர், தனக்கு நிச்சயமான பெண்ணைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார். அவர் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட்.

இங்கே இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. முதலில் வந்தது சொட்டு மருந்துதான். அதே 1884-இல் நாப் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குப் பின்னால் ஊசியால் செலுத்திப் பார்த்தார். டெனான் உறைக்கு அடியில் மருந்து விடும் யோசனையை டர்ன்புல் எழுதியதும் அதே ஆண்டில். "பழைய முறை, புதிய முறை" என்று வரிசைப்படுத்தியவர் இதற்கு என்ன சொல்வார்? மூன்றும் ஒரே வயது. பல பத்தாண்டுகள் ஊசி ஓங்கியிருந்ததற்குக் காரணம் அறுவையே. அன்றைய புரை அறுவையில் பெரிய வெட்டு, தையல், கண் அசையவே கூடாது. இன்று மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டு. அறுவை மாறியதால்தான் சொட்டு மருந்து மறுபடி அரங்குக்குள் வந்தது.

பிப்ரவரி 7

கேள்வி கேட்டவர் தாளைப் பார்த்துவிட்டார்: வலது கண் 28.1, இடது 27.6 மில்லிமீட்டர். நல்லவேளை கேட்டோம்.

சராசரிக் கண் 23 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருக்கும். 26-ஐத் தாண்டினாலே ஊசியைக் கையில் எடுப்பவர் ஒருமுறை யோசிக்க வேண்டும். கிட்டப்பார்வைக் கண் நீளமானது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. நீளும்போது அதன் சுவர் மெலிகிறது. பின்பக்கத்தில் சில இடங்கள் வெளியே புடைத்துக்கொள்வதும் உண்டு, ஸ்டஃபிலோமா என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஊசி போடுபவர் தன் மனத்தில் ஓர் உருண்டையைக் கற்பனை செய்துகொண்டு அதைச் சுற்றி ஊசியை நகர்த்துகிறார். அம்மாவின் கண் அந்த உருண்டையாக இல்லை. ஊசிதான் வேண்டும் என்ற நிலை வந்தால், முன்கூட்டியே பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்டில் பின்பக்கத்தின் வடிவத்தைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். விழித்திரை விலகலுக்காக முன்பு கண்ணைச் சுற்றி சிலிக்கோன் பட்டை வைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பட்டை இறுக்கிய கண்ணும் நீண்டுவிடும்.

பெரிபல்பர் ஊசி இதற்கு விடையா? 1986-இல் டேவிஸும் மாண்டெலும் இதை எழுதியபோது பெரிய ஆறுதலாக இருந்தது. கூம்புக்குள் போகாததால் பார்வை நரம்புக்கு ஆபத்து குறைவு. ஆனால் விழிச்சுவருக்குப் பக்கத்தில்தான் ஊசி போகிறது. நீளமான கண்ணுக்கு அது பெரிய ஆறுதல் இல்லை. மருந்தும் அதிகம் வேண்டும், மரக்க நேரமும் அதிகம். சிலர் இரண்டாவது ஊசியை மேல்பக்கம் மூக்கோரமாகப் போடுவார்கள். அங்கே இரத்தக்குழாய்களும் மேல் சாய்தசையின் கப்பியும் இருக்கின்றன. அந்த மூலையை நான் தொடுவதில்லை.

பிப்ரவரி 8

மழுங்கிய கேனுலாவைப் பற்றித் தனியாகக் கேட்டதால் விரிவாக.

முதலில் சொட்டு மருந்து. பிறகு அயோடின் கரைசலால் கண்ணைச் சுத்தம் செய்வார்கள். இமைகளை விலக்கி வைக்கும் சிறு கருவி பொருத்தப்படும். அம்மாவை மேலும் வெளிப்பக்கமுமாகப் பார்க்கச் சொல்வார்கள். இதனால் கண்ணின் கீழ்ப்பகுதி, மூக்கோரமாக, நன்றாகத் திறந்து தெரியும். கருவிழியின் விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி, மேலே உள்ள மெல்லிய படலத்தையும் அதற்கடியில் உள்ள டெனான் உறையையும் இடுக்கியால் தூக்கிக் கத்தரியால் ஒரு சிறு நறுக்கு. உள்ளே வெள்ளையாக, பளபளப்பாக ஸ்கிளீரா, அதாவது விழியின் வெள்ளைச் சுவர், தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சரியான அடுக்குக்கு வரவில்லை என்று பொருள். அந்த நறுக்கு வழியாக வளைந்த, நுனி மழுங்கிய 25 மில்லிமீட்டர் கேனுலாவைக் கண்ணின் வளைவை ஒட்டியே நகர்த்தி, மூன்று முதல் ஐந்து மில்லி மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். 1992-இல் ஸ்டீவன்ஸ் எழுதிய பிறகு இது பரவலானது. அந்தக் கேனுலாவும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது மழுங்கிய நுனியைவிட அந்த வெள்ளைப் பளபளப்பு. ஊசியில் நான் தோலைத் தாண்டியதும் குருடன். இங்கே நுழையும் இடத்தைக் கண்ணால் பார்க்கிறேன்.

நோயாளி என்ன உணர்வார்? நறுக்கு பெரும்பாலும் தெரியாது. மருந்து போகும்போது கண்ணுக்குப் பின்னால் ஓர் அழுத்தம், சிலருக்கு மந்தமான வலி. மருந்தை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து மெதுவாகச் செலுத்தினால் வலி குறைகிறது. அவசரக்காரர்கள் தள்ளினால் மருந்து நறுக்கு வழியே திரும்பி வந்து கன்னத்தில் வழியும்.

பிப்ரவரி 8, இரவு

ஒன்றை விட்டுவிட வேண்டாம். இந்த முறையில் கண் செக்கச் சிவந்து, வெள்ளைப் படலம் உப்பிக்கொண்டு வருவது சகஜம். அம்மாவின் மாத்திரையால் சிவப்பு இன்னும் அதிகமாக இருக்கும். உறவினர்கள் பார்த்ததும் "கண்ணை என்ன செய்துவிட்டீர்கள்" என்று கிளம்புவார்கள். மேற்பரப்பு இரத்தம் அது. சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் கரைந்துவிடும்.

பிப்ரவரி 9

"கேனுலாவில் ஆபத்தே கிடையாது" என்று எழுதியிருக்கும் சக மருத்துவருக்கு: அரிது என்று எழுதுங்கள், இல்லை என்று எழுதாதீர்கள். முந்தைய அறுவையால் தழும்பேறிய கண்ணில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே கத்தரியே விழிச்சுவரைத் திறந்துவிட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கண்குழிக்குள் இரத்தக்கசிவும் பதிவாகியிருக்கிறது. மருந்து மூளைத்தண்டை எட்டியதும் உண்டு.

அந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். பார்வை நரம்பைச் சுற்றி மூளையுறையின் நீட்சி இருக்கிறது. மருந்து அதற்குள் புகுந்தால் நேராக மூளைத்தண்டுக்குப் பாதை. 1987-இல் வெளியான நிக்கோல் குழுவின் ஆய்வில் 6000 ரெட்ரோபல்பர் ஊசிகளில் 16 பேருக்கு மூளை சார்ந்த விளைவுகள் ஏற்பட்டன. ஏறத்தாழ 375-க்கு ஒன்று. இது உடனே வருவதில்லை என்பதுதான் சூழ்ச்சி. ஊசி போட்டு, எல்லாம் சரி என்று மருத்துவர் கை கழுவப் போன பிறகு, சில நிமிடங்கள் கழித்து நோயாளிக்கு நாக்கு குழறும், நடுக்கம் வரும், ஊசி போடாத கண்ணின் பாப்பா விரியும், பிறகு மூச்சு நிற்கும். யாராவது பார்த்துக்கொண்டிருந்து மூச்சுக்கு உதவி கொடுத்தால் சில மணி நேரத்தில் முழுமையாகத் தேறிவிடுவார். முகத்தைத் துணியால் மூடிவிட்டு எல்லோரும் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

ஆகவே எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தாலும் நான் கேட்கச் சொல்லும் கேள்வி: மருந்து கொடுத்த பிறகு அம்மாவின் பக்கத்தில் நின்று அவரையே கவனிப்பவர் யார்? விரலில் ஆக்சிஜன் அளவுமானி, கை இரத்தக்குழாயில் மருந்து ஏற்ற ஓர் ஊசிவழி, மூச்சுக்கு உதவத் தெரிந்த ஒருவர். ஊசியாக இருந்தால் இந்த மூன்றும் கட்டாயம்.

பிப்ரவரி 10

இப்போது சொட்டு மருந்து. முதல் நாள் இதன் பக்கம் சாய்வதாக எழுதினேன். நீளமான கண், உறைவெதிர்ப்பு மாத்திரை இரண்டையும் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது: கூர்மையான எதுவும் கண்குழிக்குள் போவதில்லை, இரத்தக்கசிவு இல்லை, துளைபடும் பேச்சே இல்லை. சொட்டு மட்டும் போதாதபோது, அறுவை தொடங்கியதும் கண்ணின் முன்னறைக்குள் பதனப்பொருள் கலக்காத 1 சதவீத லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தைச் சிறிதளவு விடுவார்கள். 1997-இல் கில்ஸ் குழு எழுதியதிலிருந்து பரவிய பழக்கம் இது. பதனப்பொருள் இல்லாதது என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. பதனப்பொருள் கருவிழியின் உட்புறச் செல்களைக் கெடுக்கும்.

ஆனால் காது. சொட்டு மருந்தில் வலிதான் மரக்கும். கண் அசையும், இமை இறுகும், வெளிச்சம் தெரியும். "நேராக விளக்கைப் பாருங்கள்", "அசையாதீர்கள்" என்று மருத்துவர் சொல்வதைக் கேட்டு அந்த நொடியே நடக்கக்கூடியவருக்கே இது பொருந்தும். கேட்காதவர், கேட்டதும் "என்ன?" என்று தலையைத் திருப்புபவர், விடாமல் இருமுபவர், தலை நடுக்கம் உள்ளவர், இமையைத் தொட்டாலே சுருங்கிக்கொள்பவர் ஆகியோருக்கு ஊசியின் ஆபத்து நீங்கி, நுண்கருவி உள்ளே இருக்கும்போது கண் நகரும் ஆபத்து வந்து சேர்கிறது. கூடவே முற்றிய புரை, விரியாத பாப்பா, தளர்ந்த லென்ஸ் நார்கள் இருந்தால் அறுவை நீளும். நீளும் அறுவைக்குச் சொட்டு பொறுமையாகக் காத்திருக்காது.

எனவே சாய்மானத்தை மாற்றிக்கொள்கிறேன். காது எவ்வளவு மந்தம்? அறுவை செய்யாத பக்கத்துக் காதில் கேட்புக்கருவி வைத்துக்கொண்டு பேச்சைப் பின்தொடர முடியுமானால் சொட்டு. முடியாதென்றால் கேனுலா.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

அயோடின் பற்றி ஒரு வரி. சிலர் சொட்டுக்குப் பதில் லிக்னோகைன் களிம்பை வைப்பார்கள். நன்றாக மரக்கும். ஆனால் களிம்பு முதலில் பூசப்பட்டால் அயோடின் கிருமிகளைத் தொட முடியாமல் அது ஒரு திரைபோல் நிற்கும். அயோடின் முதலில், களிம்பு பிறகு.

பிப்ரவரி 12

"பேசாமல் தூங்கவைத்துவிடலாமே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதுதான் எனக்கு எரிச்சல் தரும் கேள்வி. ஏனென்றால் அரங்கில் மருத்துவர்களே கேட்கிறார்கள்.

லேசான தூக்க மருந்தில் அமைதியாக இருப்பவர் வேறு, குறட்டை விடுபவர் வேறு. குறட்டை விடுபவர் விழிப்பார். தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், முகத்தின் மேல் துணி மூடியிருக்க, எழுந்து உட்காரப் பார்ப்பார். அந்த நேரத்தில் கண்ணுக்குள் கருவி இருக்கும். மூடிய துணிக்கு அடியில் ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் அது தேங்கும். பக்கத்தில் சூட்டுக்கருவி வைத்தால் தீப்பிடிக்கும். தூக்க மருந்து கொடுத்து ஊசி போடும்போது நோயாளி திடீரெனத் தும்முவதும் தெரிந்த விஷயம். ஊசி கண்குழிக்குள் இருக்கும்போது தும்மல்!

நன்றாகப் பேசி விளக்குவதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் பலருக்குத் தூக்க மருந்தைவிட உதவுகிறது. வேடிக்கைப் பேச்சில்லை, பதற்றம் குறைவதாக ஆய்வுகளே சொல்கின்றன. காது மந்தமானவரிடம் முன்கூட்டியே சைகை பேசி வைத்துக்கொள்ளலாம்: கையை ஒருமுறை அழுத்தினால் அசையாதீர்கள், நோயாளி அழுத்தினால் இருமல் வருகிறது. என் அனுபவத்தில் இது ஓரளவுக்குத்தான் வேலை செய்கிறது. பயந்தவர் கையைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பார்.

நிறங்களும் வெளிச்சமும் தெரியும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சிலருக்கு அது அழகு. சிலர், மரத்துப்போன கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, மருந்து வேலை செய்யவில்லை போலும் என்று மிரண்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 13

மாத்திரையைப் பற்றி மறுபடி. சொட்டு அல்லது கேனுலா முறையில் புரை அறுவைக்காக இதை நிறுத்துவது வழக்கமில்லை. வார்ஃபரின் என்றால், இரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கென்று வகுத்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணில் சிவப்பு வராமலிருக்க மாத்திரையை நிறுத்தி, மூளையில் இரத்தக்கட்டியை வாங்கிக்கொள்வது நஷ்ட வியாபாரம். இதய மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

பிப்ரவரி 13, இரவு

ஹயலூரோனிடேஸ் வேண்டுமா என்ற கேள்வி. மருந்து திசுக்களுக்குள் பரவ உதவும் நொதி இது. இதைச் சேர்க்காதபோது மருந்து ஒரே இடத்தில் தேங்கி, கண்ணை அசைக்கும் தசை கெட்டு, நிலையான இரட்டைப் பார்வை வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் இந்த நொதிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் இப்படிப்பட்டவர்கள் கூடியதாக எழுதினார்கள். இதனாலேயே ஒவ்வாமை வந்து கண் வீங்குவதும் உண்டு, அரிதாக. நான் சேர்க்கிறேன்.

பிப்ரவரி 19

வலது கண் முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சொட்டில் தொடங்கலாம் என்று முடிவு செய்து, அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையைத் திருப்பியதால் மேசையிலேயே கேனுலாவுக்கு மாறியிருக்கிறார்கள். அந்த மருத்துவரை எனக்குப் பிடித்திருக்கிறது. சொட்டு என்று சொல்லிவிட்டோமே என்பதற்காகவே கடைசிவரை பிடிவாதமாகச் சொட்டிலேயே ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்கிறாரா? தசைகள் இன்னும் மரத்திருக்கின்றன. மருந்து இறங்கும்வரை கட்டு இருக்கட்டும், மரத்த கண் தானாக இமைக்காது. நீண்ட நேரம் மரக்கச் செய்யும் பூபிவகைன் கலந்திருந்தால் இரவுவரை நீளலாம். மறுநாளும் இரண்டாகவே தெரிந்தால் சொல்லுங்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் முன்தள்ளி இமை கல்போல் இறுகினாலோ, பார்வை மங்கினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைக்க வேண்டும்.

இடது கண்ணின்போது "போன தடவையைவிட வலிக்கிறது" என்பார். பலரும் சொல்வதுதான். முதல் தடவை பயத்தில் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது ஒரு விளக்கம். மருத்துவரிடம் இந்த முறை நேராகக் கேனுலா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எந்தக் கண் என்று நெற்றியில் குறியிட்டார்களா என்பதையும், மருந்து கொடுப்பதற்கு முன் அதைப் படித்துச் சரிபார்க்கிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டாம் கண்ணுக்கு வருபவர்களிடம்தான் குழப்பம் எளிதில் நேரும்.

பிப்ரவரி 19, சேர்க்கை

மரக்கும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கலாமா என்றால், கூடாது. அடிக்கடி விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாமல் புண்ணாகும். வலி தெரியாததால் புண் இருப்பதே தெரியாது. எரிச்சலுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த சொட்டு போதும்.